பிறகு என்ன நடந்தது?

நாவலொன்றை வாசித்து மூடிவைக்கும் சாதாரண வாசகனின் மனதில் முதலில் எழும் கேள்வி ‘பிறகு என்ன நடந்தது?’ என்பதாகும். பத்திரிகைத் துறையில் நீண்ட காலம் வாசகர் கடிதங்களோடு பழகிய எனக்கு, இக்கேள்வியைச் சிறுபிள்ளைத்தனம் என்று ஒதுக்க மனம் வருவதில்லை.

இக்கேள்விக்கு எழுத்தாளரே பதில் சொல்ல நேர்ந்ததும் உண்டு. 1950 முதல் 1954 வரை கல்கி இதழில் வெளிவந்த ‘பொன்னியின் செல்வன்’ முடிந்தபோது, முடிவு போதவில்லை என்று வாசகர்கள் குறைப்பட்டனர். பாத்திரங்கள் பின்னர் என்னவாயினர் என்று கேட்டனர். கல்கி தனியே ஒரு முடிவுரை எழுதி அவர்களுக்கு விளக்கம் தந்தார். அவர் சொல்லாது விட்டவற்றைத் தேடவும் வாசகனுக்கு இடமிருந்தது. குந்தவையை வல்லவரையர் வந்தியத்தேவரின் தேவியாகத் தஞ்சைப் பெரிய கோயிற் கல்வெட்டுக் குறிக்கிறது. ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகளின் பெயர்களை உடையார்குடிக் கல்வெட்டுச் சொல்கிறது. கதை முடிந்த இடத்தில் கல் பேசிற்று.

இலங்கை வாசகரும் இத்தகைய தொடர்கதைகளில் ஊறியவர்களே. 1970இல் ஆட்சிக்கு வந்த சிறிமாவோ பண்டாரநாயக்க தலைமையிலான அரசு தென்னிந்தியச் சஞ்சிகைகளின் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியது. அக்காலத்திலேயே வீரகேசரி நிறுவனம் ஈழத்து நாவல்களை மலிவு விலைப் பிரசுரங்களாக வெளியிட்டது. கடலுக்கப்பாலுள்ள அரசிளங்குமரிகளைப் பற்றியே வாசித்து வந்தவர்கள், தமது அயலூரின் கதையைக் கையில் எடுத்தனர்.

அவ்வாறு 1973இல் வந்ததே அ. பாலமனோகரனின் முதல் நாவலாகிய ‘நிலக்கிளி’. ஆசிரியர் முல்லைத்தீவு மாவட்டத்திலே, முள்ளியவளையை அடுத்த தண்ணீரூற்றில் 1942இல் பிறந்தவர். கதை நிகழும் இடம் தண்ணிமுறிப்பு. காட்டோடு போராடிப் பயிர்செய்யும் கதிராமன், அவன் மனைவி பதஞ்சலி, அங்கு ஆசிரியராக வரும் சுந்தரலிங்கம் ஆகிய மூவரைச் சுற்றியே கதை நகர்கிறது. நாவலுக்குச் சாகித்திய மண்டலப் பரிசும் கிடைத்தது.

அதன் முடிவை இங்கே சொல்லி, இன்னும் வாசிக்காதவர்களின் அனுபவத்தைக் கெடுக்க நான் விரும்பவில்லை. வாசித்து முடித்தபோது என்னுள் எழுந்த உணர்வை மட்டும் சொல்கிறேன். பதஞ்சலியைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற என்னால் இயலவில்லை. தாழப் பறப்பதால் எளிதில் பிடிபடும் பறவையின் பெயரை ஆசிரியர் ஏன் தெரிந்தெடுத்தார் என்பது விளங்கிற்று. அடுத்த கணமே பழைய கேள்வி வந்தது: அந்தக் குளத்தையும் காட்டையும் நம்பியிருந்தவர்களுக்குப் பிறகு என்ன நடந்தது?

இம்முறை பதில் சொன்னது வரலாறு. நாவல் வெளிவந்து பதினொரு ஆண்டுகளில், 1984ஆம் ஆண்டின் இறுதியில், தண்ணிமுறிப்பும் அதனை அண்டிய எல்லைக் கிராமங்களும் படுகொலைகளையும் இடப்பெயர்வையும் கண்டன. ஆசிரியரும் புலம்பெயர்ந்து டென்மார்க்கில் வாழலானார். அவர் பிறந்த தண்ணீரூற்றும் தப்பவில்லை. தமிழரோடு தலைமுறைகளாக அங்கு வாழ்ந்த முஸ்லிம்களை 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வெளியேற்றினர். இறுதிப் போரின்போது எஞ்சியோரும் ஊரை விட்டு ஓடினர். 2009இல் போர் முடிந்த பின்னரும் தண்ணிமுறிப்பு மக்கள் தம் பூர்வீகக் காணிகளைக் கேட்டு வந்திருக்கின்றனர்.

இதை அறிந்த பின் நாவலை வாசிப்பவன், 1973இன் வாசகன் அடைந்த துயரத்தோடு நின்றுவிட முடியாது. அன்று ஒரு குடும்பத்தின் கதையாக இருந்தது இன்று ஓர் ஊர் இருந்ததற்கான சாட்சியமாகவும் ஆகிவிட்டது. நாவலை ஆவணமாக மட்டும் வாசிப்பது அதற்குச் செய்யும் அநீதி என்பதை நான் ஒப்புக்கொள்கிறேன். ஆயினும், காணி உறுதிகளும் பாடசாலைப் பதிவேடுகளும் இடப்பெயர்வில் தொலைந்து போன நிலத்தில், குளக்கட்டையும் வேட்டைத் தடத்தையும் எழுதி வைத்த புத்தகத்தின் பெறுமதி வேறு.

சோழ இளவரசிக்குக் கல்வெட்டு இருக்கிறது. வன்னிக் கமக்காரனுக்கு யார் கல்லில் எழுதினார்கள்? தண்ணிமுறிப்பை 1984க்கு முன் கண்ணால் கண்டவர்கள் இன்றும் வன்னியிலும் ஐரோப்பாவிலும் கனடாவிலும் இருக்கிறார்கள். அவர்கள் நாவல் எழுத வேண்டியதில்லை. வயலின் பெயர், வாய்க்காலின் போக்கு, அயலவரின் பெயர் ஆகியவற்றை ஒரு கொப்பியில் குறித்து வைத்தாலே போதும். பிறகு என்ன நடந்தது என்று கேட்கப்போகும் பேரப்பிள்ளைகளுக்கு அது பயன்படும்.