சர்வீஸ் எஸ்டிமேட்டும் ஒரு கழட்டிவிட்ட ஒயரும்

ரொம்ப நாளா ஆணி அதிகம், அதான் இந்தப் பக்கம் வரலை. போன சனிக்கிழமை காரை சர்வீஸுக்கு விட்ட கதையில ஆரம்பிச்சு, அப்படியே கொஞ்சம் கொசுவத்தி சுத்தலாம்னு இருக்கேன்.

கம்பெனி சர்வீஸ் சென்டர். கண்ணாடி ரூம், ஏசி, ஓசி காபி. டை கட்டின தம்பி ஒருத்தர் வந்து, "சார், எஸ்டிமேட் ரெடி"ன்னு ஒரு தாளை நீட்டினார். ஆயில், ஆயில் ஃபில்டர், ஏர் ஃபில்டர் சேர்த்து 5,100. முன் பிரேக் பேட் 3,900. அலைன்மென்ட், பேலன்சிங் 1,400. இன்ஜின் ஃப்ளஷ் 1,150. இன்ஜெக்டர் க்ளீனிங் 1,900. ஏசிக்கு கிருமிநாசினி 1,450. அடியில பூசுற கோட்டிங் 3,500. மொத்தம் ரூ.18,400.

"இதெல்லாம் கட்டாயமா தம்பி?"

"வெளியில பண்ணா வாரண்டி போயிடும் சார்."

இந்த ஒரு வரிதான் என்னை இந்தப் பதிவை எழுத வச்சது. இந்த வரிக்கு ஒரு பெரிய வரலாறே இருக்குங்க.

முதல்ல அமெரிக்கா, 1941. ரீடர்ஸ் டைஜஸ்ட் பத்திரிகை ஒரு சோதனை பண்ணுச்சு. நல்லா ஓடுற காரை எடுத்துக்கிட்டு நாடு முழுக்கச் சுத்துறது. ஒவ்வொரு ஊர்லயும் கராஜுக்குப் போறதுக்கு முன்னாடி இக்னிஷன் காயில்ல இருந்து ஒரு ஒயரை மட்டும் கழட்டி விட்டுடறது. மாட்டிவிட ஒரு நிமிஷம்கூட ஆகாது. 347 கராஜ்கள்ல 129 பேர் நேர்மையா நடந்துக்கிட்டாங்க. மீதி 218 பேர், அதாவது 63 சதவீதம், இல்லாத கோளாறைச் சொன்னாங்க, தேவையில்லாத வேலைக்குக் காசு வாங்கினாங்க.

இதைப் படிச்சுட்டு "மெக்கானிக்னாலே திருடன்"னு முடிவு கட்டறது சுலபம். ஆனா எனக்கு அந்த 129 பேர்தான் கண்ணுக்குத் தெரியறாங்க. வண்டியைப் பத்தி ஒண்ணுமே தெரியாத மாதிரி நிக்கிற ஆள்கிட்டயும் நேர்மையா இருந்தவங்க அவங்க. அப்போ மத்தவங்களை மாத்துறது எது?

அதுக்குப் பதில் 1992ல கலிஃபோர்னியாவுல கிடைச்சுது. சியர்ஸ்னு பெரிய கடைத் தொடர், கார் ரிப்பேர் சென்டரும் நடத்திக்கிட்டு இருந்தாங்க. புகார்கள் குவியவே, அந்த மாநில நுகர்வோர் துறை மாறுவேஷத்துல கார்களை அனுப்பிப் பார்த்தது. 38 முறை அனுப்பினதுல 34 முறை தேவையில்லாத வேலையைத் தலையில கட்டப் பார்த்தாங்க. காரணம் என்னன்னு தோண்டினா, எஸ்டிமேட் போடுற ஆளுக்குக் கமிஷன், கூடவே இத்தனை வேலை பிடிச்சே ஆகணும்னு இலக்கு. விவகாரம் வெடிச்சதும் சியர்ஸ் அந்தக் கமிஷன் முறையைக் கைவிட்டுது. பிரச்சனை ஆள்கிட்ட மட்டும் இல்லை, சம்பளம் கொடுக்குற முறையிலயும் இருந்திருக்கு. அதுக்கப்புறம் அந்த டை கட்டின தம்பி மேல எனக்குக் கோபமே வரலை.

சரி, நம்ம ஊருக்கு வருவோம். அம்பாசடர், ஃபியட் காலத்துல இந்த எஸ்டிமேட் தொல்லை ரொம்பக் குறைவு. எந்தத் தெரு முக்குலயும் பானட்டைத் திறந்து சரி பண்ண ஒருத்தர் இருப்பார். சென்னையில ஜி.பி. ரோட்டுக்கோ புதுப்பேட்டைக்கோ போனா உதிரி பாகம் கிடைக்கும். ஏமாத்து அப்பவும் உண்டு, ஆனா பிடிக்கலைன்னா அடுத்த தெருவுக்குப் போயிடலாம்.

1983 டிசம்பர்ல முதல் மாருதி 800 சாவி கைமாறுச்சு. கூடவே கம்பெனி அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் ஸ்டேஷன்ங்கிற பழக்கமும் பரவுச்சு. நியாயமா சொன்னா அது நல்லதாத்தான் இருந்தது. என்ன வேலை, எத்தனை கிலோமீட்டர்ல, என்ன விலைன்னு தாள்ல வந்துச்சு. தொண்ணூறுகள்ல வெளிநாட்டுக் கம்பெனிகள் ஒண்ணொண்ணா வந்தாங்க. புகை விதிகள் இறுக இறுக கார்புரேட்டர் போய் இன்ஜெக்டரும் கம்ப்யூட்டரும் வந்துச்சு. கோளாறு என்னன்னு கண்டுபிடிக்கவே பல சமயம் கம்பெனி ஸ்கேனர் தேவைப்பட்டுச்சு. அதை வெளி மெக்கானிக்குக் கொடுக்க மாட்டேன்னாங்க. பல கம்பெனிகளோட உதிரி பாகமும் கடையில கிடைக்கலை. அடுத்த தெருவுக்குப் போற வழி அடைச்சாச்சு!

இதை எதிர்த்து ஒருத்தர் புகார் கொடுத்தார். இந்தியப் போட்டி ஆணையத்துல 2011ம் வருஷத்து 3ம் எண் வழக்கு. முதல்ல ஹோண்டா, ஃபோக்ஸ்வாகன், ஃபியட் மூணு பேர் மேலதான் புகார். விசாரிக்கப் போனவங்க "இது எல்லாரும் பண்றதாச்சே"ன்னு மத்த கம்பெனிகளையும் சேர்த்துட்டாங்க. 2014 ஆகஸ்ட் 25ல தீர்ப்பு. 14 கம்பெனிகளுக்கு மொத்தம் சுமார் 2,545 கோடி ரூபாய் அபராதம்.

ஆணையத்தோட வாதம் ரொம்ப எளிமையானது. கார் வாங்குறதுக்கு முன்னாடி உங்களுக்குப் பத்து கம்பெனி இருக்கு. வாங்கின மறுநாள்ல இருந்து ஒரே ஒரு கம்பெனிதான். ஒரு கம்பெனி பம்பரை இன்னொரு கம்பெனி கார்ல மாட்ட முடியாது. அதனால அவங்க உதிரி பாகத்துக்கு அவங்கதான் ராஜா. அந்த ராஜ்ஜியத்தைத் தப்பா பயன்படுத்தக் கூடாது. பாகங்களையும் கருவிகளையும் வெளி மெக்கானிக்குகளுக்கும் கிடைக்கச் செய்யணும். முக்கியமா, வெளியில சர்வீஸ் பண்ணினார்ங்கிற ஒரே காரணத்துக்காக வாரண்டியை ரத்து பண்ணக் கூடாது. வெளி வேலை தப்பா நடந்து அதனால ஏதாவது கெட்டுப்போனா, அதுக்கு மட்டும் கம்பெனி பொறுப்பில்லை.

கம்பெனிகள் அப்பீலுக்குப் போனாங்க. 2016 கடைசியில மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் டொயோட்டா, ஃபோர்டு, நிசானுக்கு அபராதத்தைக் குறைச்சுது, ஆனா தப்பு தப்புதான்னு சொல்லிடுச்சு. அமெரிக்காவுல இதே வாரண்டி விஷயத்துக்கு 1975லயே மேக்னுசன்-மாஸ் சட்டம் வந்தாச்சு. நமக்கு அது வர ஏறக்குறைய 40 வருஷம்.

இதுவரை படிச்சுட்டு "எஸ்டிமேட்டைக் கிழிச்சுப் போட வேண்டியதுதான்"னு கிளம்பிடாதீங்க. இன்னொரு கதையும் இருக்கு. என் நண்பன் ஒருத்தன் கார்ல டைமிங் பெல்ட் மாத்தணும்னு சர்வீஸ்ல சொன்னாங்க. "எல்லாம் காசு பிடுங்குற வேலைடா"ன்னு விட்டுட்டான். நாலு மாசத்துல திண்டிவனம் தாண்டி பெல்ட் அறுந்து, வால்வு எல்லாம் வளைஞ்சு, குடும்பத்தோட ராத்திரி ரோட்டோரம் நின்னான். பெல்ட் செலவைப் போல பல மடங்கு பில். பெல்ட்டை எப்ப மாத்தணும்னு காரோட கொடுத்த புத்தகத்துலயே அச்சடிச்சு இருந்துச்சு. அவன் அதைத் திறந்ததே இல்லை.

அந்தப் புத்தகம்தாங்க நடுவர். நானும் சனிக்கிழமை டேஷ்போர்டுல இருந்து அதை எடுத்து, தாளைப் பக்கத்துல வச்சுப் பார்த்தேன். ஆயில், ஃபில்டர்கள் இருந்தது. அலைன்மென்ட் இருந்தது. பிரேக் பேடைப் பார்த்து, தேய்ஞ்சிருந்தா மாத்தணும்னு இருந்தது. மீதி நாலும் எந்தப் பக்கத்துலயும் இல்லை.

"பிரேக் பேடைக் காட்டுங்க தம்பி"ன்னேன். கொஞ்சம் யோசிச்சுட்டு உள்ளே கூட்டிட்டுப் போனார். சக்கரத்தைக் கழட்டி, அளந்தா 6 மில்லிமீட்டர். மாத்த வேண்டிய கட்டத்துக்கு வர இன்னும் நாள் இருக்கு. "அடுத்த சர்வீஸுக்குப் பார்த்துக்கலாம் சார்"னு அவரே சொல்லிட்டார். 5,100 கட்டிட்டு, அலைன்மென்ட்டை வெளியில டயர் கடையில 700 ரூபாய்க்கு முடிச்சேன். ரெண்டு ரசீதும் ஃபைல்ல பத்திரமா இருக்கு, நாளைக்கு வாரண்டின்னு வந்தா அதுதான் சாட்சி. ஆக மொத்தம் 5,800.

கிளம்பும்போது அந்தத் தம்பி மெதுவா, "எங்களுக்கும் டார்கெட் இருக்கு சார்"னார். 1992 கலிஃபோர்னியா அப்படியே காதுல கேட்டுச்சு. சிரிச்சுட்டு வந்துட்டேன்.

டிஸ்கி: ஏர்பேக், ரீகால், சாஃப்ட்வேர் சமாச்சாரம்னா கண்ணை மூடிக்கிட்டு கம்பெனி சர்வீஸுக்கே போங்க. அதுல போய் காசு மிச்சம் பிடிக்க வேண்டாம்.