கவுண்டருக்கு வந்தவர்கள்

லியோ கானர் 1943இல் எழுதிய கட்டுரையில் வரும் முதல் குழந்தை டொனால்ட். அமெரிக்காவின் மிஸிஸிப்பி மாநிலத்தில் ஃபாரஸ்ட் என்ற சிற்றூர்க்காரன். வக்கீலான அவனுடைய அப்பா 33 பக்கம் டைப் அடித்துப் பால்டிமோருக்கு அனுப்பிய கடிதத்திலிருந்துதான் ஆட்டிசத்தின் மருத்துவ சரித்திரம் வழக்கமாகத் துவங்கும். டொனால்ட் ட்ரிப்லெட் பின்னாளில் சொந்த ஊரில், தன் குடும்பத்துக்குப் பங்கிருந்த வங்கியில் 60 வருஷங்களுக்கு மேல் வேலை பார்த்தார். 2023இல், 89 வயதில் காலமானார். நானும் வங்கி குமாஸ்தாதான். அதனாலோ என்னவோ, இந்தச் சரித்திரத்தை ஒரு லெட்ஜரைப் பார்ப்பதுபோலத்தான் என்னால் பார்க்க முடிகிறது. லெட்ஜரில் கவுண்டருக்கு வந்தவர்களின் பெயர் மட்டுமே இருக்கும்.

என் சித்தப்பா மஞ்சக்குட்டையில் 1955 கடைசியில் பிறந்தார். காப்பித் தோட்டத்துக் களத்தில் உட்கார்ந்து தூக்குப்போசி மூடியை மணிக்கணக்காகச் சுழற்றுவார். களத்துக்குப் போகும் வழி மாறினால் அன்று முழுவதும் அலறல்தான். தாகமெடுத்தால், "உனக்குத் தண்ணி வேணுமா?" என்று கேட்பார். அவரிடம் மற்றவர்கள் கேட்ட கேள்வியே அவருடைய வேண்டுகோளாகிவிட்டிருந்தது. சிறுவனான எனக்கு அது வேடிக்கை. இதே சுழற்றலும், மாற்றம் பொறாமையும், 'நான்' இருக்கவேண்டிய இடத்தில் 'நீ' வருவதும் கானரின் பக்கங்களில் இருப்பதைப் பல வருஷங்கள் கழித்துப் படித்தபோது வெட்கமாக இருந்தது.

அந்த வருஷம் ஜூன் 20ஆம் தேதி சூரிய கிரகணம். வயிற்றுப் பிள்ளையோடு அப்பாயி அன்று தோட்ட வேலைக்குப் போயிருந்தாள். கூலி போய்விடும் என்பதுதான் காரணம். ஊர் அதைச் சொல்லிச் சொல்லி, கடைசியில் அவளே அதை நம்பினாள்.

நம் கிராமத்து அறியாமை என்று இதை ஒதுக்கிவிட முடியாது. தான் பார்த்த 11 குழந்தைகளின் கோளாறு பிறவியிலேயே வந்தது என்று முடித்த கானர், அதே கட்டுரையில், அவர்களுடைய பெற்றோர்களில் மனக் கனிவு உள்ளவர்கள் மிகச் சிலரே என்றும் எழுதிவைத்தார். அந்த விதையை மற்றவர்கள் மரமாக்கினார்கள். புரூனோ பெட்டல்ஹைம் 1967இல் வெளியிட்ட புத்தகம் தாயின் மனசையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றியது. தானே ஆட்டிசக் குழந்தையின் தகப்பனான பெர்னார்ட் ரிம்லண்ட், இது உடல் சார்ந்தது என்று 1964லேயே வாதாடியிருந்தார். கானர் பெற்றோர்களைப் பகிரங்கமாக விடுவித்தது 1969இல். ஏற்காடு மலையில் கிரகணம் செய்த வேலையைச் சிகாகோவில் உளப்பகுப்பாய்வு செய்தது. இரண்டிலும் தண்டனை தாய்க்குத்தான்.

கானரின் குழந்தைகள் எல்லோரும் படித்த குடும்பத்துப் பிள்ளைகள். ஆட்டிசம் படித்தவர் வீட்டு நோய் என்ற எண்ணம் இதிலிருந்து பரவியது. பால்டிமோர் வரை போகவும், 33 பக்கம் டைப் அடிக்கவும் யாரால் முடியும் என்று யோசித்திருக்கலாம். லோர்னா விங்கும் ஜூடித் கூல்டும் லண்டனில் கேம்பர்வெல் பகுதிக் குழந்தைகளை மொத்தமாக ஆராய்ந்து 1979இல் எழுதியபோதுதான் கணக்கு மாறியது. கானரின் வரையறைக்குள் அடங்காதவர்களே அதிகம் என்று தெரிந்தது. அலைவரிசை போன்ற ஒரு விரிவு என்ற கருத்து அங்கிருந்து வந்தது. அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேடு 1980இல் ஆட்டிசத்தை ஸ்கிஸோஃப்ரீனியாவிலிருந்து பிரித்தது. 2013இல் ஆஸ்பெர்கரின் பெயரில் இருந்த தனி வகையையும் அந்த விரிவுக்குள் கரைத்தது.

விடுபட்ட பெயர்களும் உண்டு. மாஸ்கோவில் குரூன்யா சுகரேவா 6 பையன்களைப் பற்றி 1925லேயே எழுதினார். பல பத்தாண்டுகள் யாரும் கவனிக்கவில்லை. இருந்த பெயர்களிலோ கறை. வியன்னாவின் ஹான்ஸ் ஆஸ்பெர்கர், குழந்தைகள் கொல்லப்பட்ட ஷ்பீகல்கிரண்ட் விடுதிக்குச் சில குழந்தைகளை அனுப்பியதை ஹெர்விக் செக் 2018இல் ஆவணங்களோடு காட்டினார்.

இங்கே 1995இன் ஊனமுற்றோர் சட்டம் சொன்ன 7 வகைகளில் ஆட்டிசம் இல்லை. 1999இன் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தில் வந்தது. 2016இன் சட்டத்தில் 21 வகைகளில் ஒன்றானது. இப்போது 40 கேள்விகள் கொண்ட இந்திய அளவுகோல் இருக்கிறது. 70க்குக் கீழே மதிப்பெண் என்றால் ஆட்டிசம் இல்லை. பெயர்தான் இன்னும் நிலைக்கவில்லை. மன இறுக்கம், மதியிறுக்கம், புற உலகச் சிந்தனையற்ற நிலை என்று பலவாறு சொல்கிறார்கள். கடைசிச் சொல்லை நான் ஏற்கமாட்டேன். வழி மாறியதை எங்கள் எல்லோருக்கும் முன்னால் கண்டுகொண்டவருக்கா புற உலகம் இல்லை?

சித்தப்பா 2004இல் இறந்தார். சட்டம் வந்து ஐந்து வருஷமாகியிருந்தது. மலைமேல் யாருக்கும் தெரியாது. தோட்டத்தில் பேர்ப்பதிவு இல்லாமலே களை பிடுங்கினார், கூலி கிடையாது. டொனால்டுக்கு வங்கி வேலை தந்தது நோய்க்குறியின் பெயரல்ல, ஊரும் சொத்தும்தான் என்பதை நான் மறக்கவில்லை. இருந்தாலும் பெயருக்கு ஒரு பிரயோஜனம் உண்டு.

சென்ற வருஷம் எங்கள் கிளைக்கு ஒரு தாய், வளர்ந்த மகனோடு வந்தாள். கார்டியன் நியமன உத்தரவு கையில் இருந்தது. அப்படிப்பட்ட கார்டியன் கணக்குத் துவக்கலாம் என்று ரிசர்வ் வங்கி 2007லேயே அனுமதித்திருக்கிறது. படிவத்தை நிரப்பும்போது, நான் கேட்காமலே, "மாசமா இருந்தப்ப நான் ஒண்ணும் தப்புப் பண்ணலைங்க, டாக்டரே சொல்லிட்டாங்க" என்றாள்.

அப்பாயியிடம் அதைச் சொல்ல ஆள் இல்லை.