பெரும்பான்மை எங்கே எண்ணப்பட வேண்டும்?

இந்திய அரசியற் சட்டத்தின் 75-ஆவது விதி, பிரதம மந்திரியை ஜனாதிபதி நியமிப்பார் என்று ஓரிடத்திலும், மந்திரிசபை லோக்சபைக்குக் கூட்டுப் பொறுப்புடையது என்று பிறிதோரிடத்திலும் கூறுகிறதேயன்றி, எக்கட்சிக்கும் தனிப் பெரும்பான்மை கிட்டாத பொதுத் தேர்தலுக்குப் பின் யாரை முதலில் அழைப்பது என்பதைப் பற்றி மௌனமே சாதிக்கிறது. சம்பிரதாயம் அதை நிரப்பிக்கொள்ளும் என்பார் உண்டு. நிரப்பிய விதத்தை ஆராய்ந்தால், அது ஆளுக்கொரு சம்பிரதாயமாகவே இருக்கக் காண்கிறோம்.

1989-இல் ஆர். வெங்கட்ராமன், 197 இடங்கள் பெற்ற காங்கிரஸை மிகப் பெரிய கட்சி என்ற நியாயத்தால் முதலில் அழைத்தார். ராஜீவ் காந்தி மறுக்கவே, வி. பி. சிங்குக்கு அழைப்புச் சென்றது. 1996-இல் சங்கர் தயாள் சர்மா அதே அளவுகோலைக் கொண்டு வாஜ்பாயை அழைக்க, மே 16-ஆம் தேதி பதவியேற்ற அவர், வாக்கெடுப்பு நடக்குமுன்னரே 28-ஆம் தேதி ராஜினாமாச் செய்தார். இந்த அனுபவத்தை மனத்திற்கொண்டு போலும், 1998-இல் கே. ஆர். நாராயணன் ஆதரவுக் கடிதங்களைக் காட்டுமாறு கேட்டார். அ.தி.மு.க.வின் கடிதம் வரத் தாமதித்தபோது டில்லி முழுவதும் சென்னையையே பார்த்துக் காத்திருந்தது. அவ்வாறு ஜாக்கிரதையாக எண்ணிச் சேர்த்த பெரும்பான்மை, அக்கட்சி விலகியதும், 1999 ஏப்ரலில் 269-க்கு 270 என ஒரே வாக்கில் கவிழ்ந்தது. கடிதம் எழுதிய நாளின் மனநிலைக்குத்தான் அத்தாட்சி. அதைப் பெறுவதற்காக நடந்த பேரத்தைப் பற்றி அது வாய் திறப்பதில்லை.

இந்தச் சங்கடம் குடியரசின் முதல் தேர்தலிலேயே தோன்றிவிட்டது. 1952-இல் சென்னை சட்டசபையின் 375 இடங்களில் காங்கிரஸுக்குக் கிடைத்தவை 152. எதிர்க்கட்சிகள் ஒரு முன்னணியாகத் திரண்டு, பிரகாசத்தின் தலைமையில் மந்திரிசபை அமைக்க உரிமை கோரின. கவர்னர் ஸ்ரீபிரகாசாவோ, தேர்தலிலேயே நில்லாத ராஜாஜியை மேல்சபைக்கு நியமித்து அழைத்தார். ராஜாஜி பின்னர் சபையின் நம்பிக்கையைப் பெற்றார் என்பது உண்மை. ஆயினும், பின்னால் பெற்ற நம்பிக்கை முன்னால் செய்த தேர்வை நியாயப்படுத்திவிடுமா என்பதுதான் கேள்வி. காங்கிரஸுக்கு வெளியே இருந்த காமன்வீல் கட்சியின் மாணிக்கவேலு நாயக்கர் ராஜாஜியின் மந்திரிசபையில் மந்திரியானார் என்பதை நோக்கின், பதவியே ஆதரவை ஈர்க்கும் காந்தம் என்பதும், எனவே முதலில் அழைக்கப்படுபவர் பாதிப் பந்தயத்தை ஓடாமலே வென்றுவிடுகிறார் என்பதும் விளங்கும்.

ஜெர்மானியர் தம் அடிப்படைச் சட்டத்தின் 63-ஆவது விதியில் வேறு மார்க்கம் வகுத்தனர். அங்கே ஜனாதிபதி பெயரைப் பிரேரேபிக்கலாம்; தேர்ந்தெடுப்பது சபை, நியமனம் அதற்குப் பின்னரே. 1949 செப்டம்பர் 15-ஆம் தேதி அடினாவர் 402 பேர் கொண்ட சபையில் 202 வாக்குகளால், அதாவது தேவைக்கு ஒன்றும் மிகாமல், சான்ஸலரானார். 2025 மே 6-ஆம் தேதி மெர்ஸ், வேண்டியிருந்த 316-க்கு 310 மட்டுமே பெற்று முதற் சுற்றில் தோற்று, அன்றே 325 பெற்று வென்றார். தோல்வியும் திருத்தமும் தேசம் பார்த்திருக்கச் சபையிலேயே நிகழ்ந்தன.

இது நமக்கு அந்நியமான முறை என்று தள்ளுவதற்கில்லை. 1998 பிப்ரவரியில் உத்தரப் பிரதேசத்தில் கல்யாண் சிங், ஜகதம்பிகா பால் என்ற இருவர் முதலமைச்சர் பதவிக்கு உரிமை கொண்டாடியபோது, சுப்ரீம் கோர்ட் இருவருக்கும் இடையே சபையே தீர்மானிக்கட்டும் என்று உத்தரவிட, கல்யாண் சிங் 225-க்கு 196 என்ற கணக்கில் வென்றார். அரசியற் சட்டத்தின் செயற்பாட்டை ஆராய்ந்த வெங்கடாசலய்யா கமிஷனும் 2002-இல் லோக்சபையே தன் தலைவரைத் தேர்ந்தெடுக்கலாம் என்றது.

இதற்கு வலுவான ஆட்சேபம் ஒன்று உண்டு: கட்சித்தாவலைத் தடுக்கும் பத்தாவது அட்டவணையின்கீழ் உறுப்பினர் கொறடாவின் கட்டளைக்குக் கட்டுப்பட்டவராதலின், சபை வாக்கும் கட்சித் தலைவரின் கடிதமே வேறு உருவில் வருவதாகாதா? ஒருவாறு ஆகும்தான். ஆயினும் கடிதத்தைத் தலைவர் ஒருவர் எழுதிவிடலாம். வாக்கை ஒவ்வொரு உறுப்பினரும் தம் பெயரால் பதிய வேண்டும், அப்பதிவைத் தொகுதி மக்கள் பார்க்கலாம். அரசியற் சட்டத்தைத் திருத்தாமலே இதைத் தொடங்கலாம் என்பது என் கருத்து. உறுப்பினர்கள் பிரமாணம் எடுத்தவுடன், 86-ஆவது விதியின்படி ஜனாதிபதி சபைக்கு ஒரு செய்தி அனுப்பி, பிரதமராகத் தக்கவரைக் குறிப்பிடுமாறு கேட்கலாம். அதுவரை பழைய மந்திரிசபை காபந்து சர்க்காராக நீடிக்கும். சபை இரண்டு சுற்று வாக்கெடுப்பு நடத்தியும் ஒருவருக்கும் பெரும்பான்மை கிட்டாவிடில் மட்டுமே ஜனாதிபதியின் விவேகத்துக்கு வேலை.