மன்றும் மன்றாட்டும்

ஆங்கிலத்தின் 'பார்லிமெண்ட்' நம் 'பாராளுமன்ற'த்தின் திரிபு என்று மேடைகளில் ஒரு பேச்சு உலவுகிறது. பார் என்றால் உலகம், பாரை ஆளும் மன்றம் பாராளுமன்றம், அதுவே மேலைக் கடல் தாண்டிப் பார்லிமெண்ட் ஆயிற்று என்கிறார்கள். கைதட்டலும் கிடைக்கிறது. சொல்லுக்கு வயது உண்டு, பிறந்த ஊர் உண்டு என்பதை மதியாதவர்கள்தாம் இப்படிப் பேச முடியும். பழைய பிரெஞ்சில் 'பார்லெ' என்றால் பேசு. பேச்சும் பேசக் கூடிய கூட்டமும் 'பார்லெமான்'. 13ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் அரசன் கூட்டிய பேரவைக்கு அது பெயராக நிலைத்தது. அதன் வேர் இலத்தீனில் 'பரபொலா', அதற்கும் முன் கிரேக்கத்தில் 'பரபொலே', அதாவது ஒப்புமைக் கதை. சிறைக்கைதி 'பரோலில்' வருகிறான் என்கிறோமே, அந்தப் பரோலும் இதே வேரின் கிளைதான்: திரும்பி வருவேன் என்று கொடுத்த வாக்கு. தமிழ்ப் பாராளுமன்றமோ ஒலியும் பொருளும் ஒருங்கே பொருந்துமாறு 20ஆம் நூற்றாண்டில் ஆக்கிக்கொண்ட சொல். நல்ல கைவேலை, ஆனால் பிந்தியது.

இலங்கைத் தமிழர் இன்றும் பாராளுமன்றம் என்றே எழுதுகின்றனர். தமிழ்நாட்டில் பார் போய் நாடு வந்து நாடாளுமன்றம் ஆயிற்று. பாரா, நாடா என்பதில் எனக்கு வழக்கில்லை. இரண்டுக்கும் நடுவில் அசையாமல் உட்கார்ந்திருக்கும் 'ஆளும்' என்ற சொல்லோடுதான் வழக்கு. பார்லெ என்ற வேரில் ஆட்சி இல்லை, பேச்சுதான் உண்டு. மன்று என்ற நம் சொல்லிலும் ஆட்சி இல்லை. ஒலிக்காகச் சேர்த்த ஆட்சி பொருளைக் கெடுத்துவிட்டது. இந்தியாவில் நாட்டை ஆள்வது அமைச்சரவை. அந்த அமைச்சரவை மக்களவைக்குக் கூட்டாகப் பொறுப்புடையது என்று அரசமைப்பின் 75ஆம் உறுப்பின் 3ஆம் கூறு சொல்கிறது. ஆள்வோர் வந்து நின்று விடை சொல்லும் இடமே மன்று.

மன்று என்பதற்கு வேர் மன். மன்னன் வீற்றிருப்பதால் மன்று என்பார் உளர். அவர்கள் சிலப்பதிகாரத்தின் இந்திரவிழவூரெடுத்த காதையை இன்னொரு முறை படிக்கட்டும். புகாரில் ஐந்து மன்றங்கள் சொல்லப்படுகின்றன: வெள்ளிடை மன்றம், இலஞ்சி மன்றம், நெடுங்கல் நின்ற மன்றம், பூத சதுக்கம், பாவை மன்றம். ஐந்தில் ஒன்றுகூட அரசன் அமரும் இடமில்லை. ஐந்தாவதோ அரசனுக்கு எதிராகவே நிற்கிறது. வேந்தன் கோல் கோணினாலும், அறங்கூறவையம் ஒரு பக்கம் சாய்ந்தாலும், வாய் திறவாமல் கண்ணீர் உகுக்கும் பாவை அங்கே இருந்தது என்கிறார் இளங்கோ. அரசனின் தவற்றை ஊரறியச் செய்வதற்கென்றே ஒரு மன்றம்! இதற்கு மேல் அந்தச் சொற்பிறப்பை மறுக்க வேண்டியதில்லை.

மன் என்பதற்கு நிலைபெறு, பொருந்து, கூடு என்பன முதற்பொருள்கள். திருமணத்தை மன்றல் என்கிறோம். தொல்காப்பியக் களவியல் எண்வகை மணத்தையும் மன்றல் என்றே எண்ணுகிறது. மாடுகள் கூடி அடையும் தொழுவுக்கும் மன்று என்றே பெயர். நீலகிரித் தோடர் குடியிருப்பின் பெயரான மந்து என்பதைத் திராவிடச் சொற்பிறப்பு அகராதி தொகுத்த பரோவும் எமனோவும் மன்றோடு சேர்த்தனர். உதகமண்டலத்தின் வால் அந்த மந்துதான். சோழர் கல்வெட்டுகளில் நுந்தா விளக்குக்கென 96 ஆடுகளை ஏற்றுக்கொண்ட இடையர்கள் மன்றாடிகள். ஆக, கூடுமிடம் என்ற பொருள் உறுதி. கூட்டம் எல்லார் கண்ணுக்கும் முன் நடப்பது என்பதும் உறுதி. தீ நட்பு அதிகாரத்தில் வள்ளுவர் மனையையும் மன்றையும் எதிரெதிரே நிறுத்துகிறார், வீட்டுக்குள் உறவாடிப் பலர் முன் பழிப்பவனைக் காட்டுவதற்காக.

எனினும் கூடுதல் மட்டும் மன்று ஆகாது. சந்தையிலும் கூடுகிறார்கள். தொல்காப்பியர் இடையியலில் 'மன்ற' என்ற இடைச்சொல்லுக்குத் தேற்றம் என்று பொருள் வகுத்தார். ஐயம் நீங்கித் தெளிவது தேற்றம். மன் நிலைபெறுதல், மன்ற நிலைபெற்ற தெளிவு, மன்று அத்தெளிவு பிறக்கும் இடம். கூடியவர்கள் கேட்டுக் கேட்டு ஐயம் தீர்ந்து, 'இது இன்னது' என்று தேறிய பிறகே எழுந்து போகும் இடம். சோழர் சாசனங்களில் 'மன்றுபாடு' என வருவதை வழக்கு மன்றில் விதித்த தண்டம் என்று அறிஞர் கொள்வர். விசாரணை, தெளிவு, தண்டம் மூன்றும் அந்த ஒரு சொல்லின் நிழலில் நின்றன.

பட்டிமன்றத்தையும் இங்கே இழுப்பார்கள். மணிமேகலை சொல்வது பட்டிமண்டபம். மன்றம் பிற்காலத்தார் மாற்றியது. 'அவை'யிலிருந்து வடமொழிச் 'சபா' வந்ததா, சபாவிலிருந்து அவை வந்ததா என்ற பூசலும் நமக்கு வேண்டாம். நமக்கு வேண்டிய சொல் மன்றாடு.

இன்று மன்றாடு என்றால் கெஞ்சு. கோயிலில் மன்றாடுகிறோம், அதிகாரியிடம் மன்றாடுகிறோம். திருநெல்வேலிக்கு அருகே மானூரில், பாண்டியன் மாறஞ்சடையன் காலத்துக் கல்வெட்டு ஒன்று உண்டு, கி.பி. 800ஐ ஒட்டியது. ஊர்ச்சபையில் யார் மன்றாடலாம், யார் மன்றாடக் கூடாது என்று விதிகளை வகுக்கிறது அது. அங்கே மன்றாடுதல் கெஞ்சுதல் அன்று. சபையில் எழுந்து பேசி அலுவலில் பங்கு கொள்ளுதல். ஊரில் பங்குடையவராகவும், தரும நூல் ஒன்றில் தேர்ந்தவராகவும், நல்லொழுக்கம் உடையவராகவும் இருக்க வேண்டும் என்கிறது. எந்தத் தீர்மானம் வந்தாலும் 'அன்று அன்று' என்று முட்டுக்கட்டை போடுவோருக்கும் அவர்களுக்குத் துணை நிற்போருக்கும் ஐந்து காசு தண்டம். இது பிராமணர் ஊரின் சபை. உழுதவனுக்கும் பெண்ணுக்கும் அதில் இடமில்லை. அதை மறைத்துப் பெருமை பேசுவது பிழை. ஆனால் சொல்லாராய்ச்சிக்கு இது பொற்குவை. மன்றாடுதல் ஓர் உரிமையின் பெயராக இருந்தது என்பதற்கு இதைவிடச் சான்று எதற்கு? இலங்கையில் அரசின் வழக்கை எடுத்துரைக்கும் உயர் அதிகாரியை மன்றாடியார் நாயகம் என்கிறார்கள். பழம்பொருளைக் காத்துவைத்த அந்தத் தமிழுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். ஆள்வோரை எதிர்நின்று கேட்ட வினைச்சொல், எந்த இடத்திலோ அவர்கள் காலடியில் விழுந்துவிட்டது.

சொல்லோடு பொருளும் விழுந்ததா என்று பார்ப்போம். 1957இல் ஆயுள் காப்பீட்டுக் கழகத்தின் பணம் முந்த்ரா என்ற தொழிலதிபரின் நிறுவனங்களில் போடப்பட்டது எப்படி என்று மக்களவையில் கேள்வி எழுந்தது. தொகை சுமார் 1.24 கோடி ரூபாய். விடாமல் கேட்டவர் பெரோஸ் காந்தி. ஆளுங்கட்சி உறுப்பினர், அதிலும் பிரதமர் நேருவின் மருமகன். நீதிபதி சக்ளா பொதுமக்கள் முன்னிலையில் விசாரித்தார். 1958 பிப்ரவரியில் நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி பதவி விலகினார். தொடங்கிவைத்தது கேள்வி நேரத்துக் கேள்வி ஒன்று. மன்று மன்றாக இருந்த நாள் அது.

கேள்வி நேரம் என்பது காலையின் முதல் ஒரு மணி. மக்களவையில் நாளொன்றுக்கு 20 நட்சத்திரக் கேள்விகள். அமைச்சர் வாயால் விடை சொல்ல வேண்டும். எழுத்தில் விடை பெறுபவை 230. எழுதி வந்த விடையை யாரும் வாசித்துவிடலாம். அடுத்து எழும் துணைக்கேள்வியில்தான் அமைச்சருக்குத் துறை தெரியுமா என்பது வெளிப்படும். 2020 செப்டம்பர் கூட்டத்தொடரில் பெருந்தொற்றைக் காரணம் காட்டி இந்த ஒரு மணியையே எடுத்துவிட்டார்கள். எழுத்து விடை போதும் என்றார்கள். மன்றுக்கு வாய் வேண்டாம், காகிதம் போதும் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

முதல் மக்களவை ஆண்டுக்குச் சராசரியாக 135 நாள் கூடியது. 17ஆவது மக்களவை 55 நாள். 15ஆவது மக்களவையில் மசோதாக்களில் 71 விழுக்காடு குழுக்களின் ஆய்வுக்குப் போயின, 17ஆவதில் 16. துணை சபாநாயகரைக் கூடிய விரைவில் தேர்ந்தெடுக்க வேண்டும் என்கிறது 93ஆம் உறுப்பு. 17ஆவது மக்களவை தன் ஐந்தாண்டுகளையும் துணை சபாநாயகர் இல்லாமலே முடித்தது. 2023 டிசம்பரில் ஒரே கூட்டத்தொடரில் இரு அவைகளிலுமாக 146 உறுப்பினர்கள் இடைநீக்கம் செய்யப்பட்டனர். கூச்சலும் பதாகையும் மன்றாட்டு ஆகா என்பதை ஒப்புகிறேன். மானூர்க்காரர்களும் முட்டுக்கட்டையை ஒப்பவில்லை. ஆனால் மானூர் தண்டம் காசாக வாங்கியது, வாயை அடைக்கவில்லை.

1985இல் வந்த கட்சித்தாவல் தடைச்சட்டமும் இங்கே கணக்கில் வரும். விலைக்குப் போகும் உறுப்பினரைத் தடுக்க வந்தது அது. ஆனால் கொறடா ஆணைக்கு மாறாக வாக்களித்தால் எந்த மசோதாவானாலும் பதவி போகும் என்று வைத்துவிட்டார்கள். அரசு கவிழும் வாக்கெடுப்புக்கும் வரவு செலவுக்கும் மட்டும் அந்தக் கட்டு போதும். மற்றவற்றில் உறுப்பினர் தேறிய முடிவுக்கு வாக்களிக்கட்டும். முடிவு முன்பே வெளியில் எடுக்கப்பட்டுவிட்டால் மன்றில் தேற்றம் எங்கிருந்து பிறக்கும்?

புதிய நாடாளுமன்றக் கட்டடத்துக்கு 2020 டிசம்பரில் அடிக்கல் நாட்டிய விழாவில் உத்திரமேரூர்க் கல்வெட்டைப் புகழ்ந்தார்கள். முதலாம் பராந்தகன் காலத்துக் குடவோலையைச் சொல்லாத மேடையில்லை. குடவோலை இன்றைய தேர்தல் அன்று. குடத்திலிட்ட ஓலையைச் சிறுவனைக் கொண்டு எடுக்கும் திருவுளச்சீட்டு. அந்தக் கல்வெட்டின் உயிர் வேறோர் இடத்தில் இருக்கிறது. ஊர்ப்பணிக் குழுவான வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவர் பெயரை மறுபடி குடத்தில் இடக் கூடாது. அவருடைய நெருங்கிய உறவினர் பெயரையும் இடக் கூடாது. குடத்தைப் பாடுகிறவர்கள் கணக்கைப் பாடுவதில்லை.

கணக்குக் கேட்க இன்றும் வழி இருக்கிறது. பொதுக் கணக்குக் குழுவுக்கு 1967 முதல் எதிர்க்கட்சியைச் சேர்ந்தவரே தலைவர். மினூ மசானி அந்த மரபில் முதல்வர். 1953 முதல் அரசு உறுதிமொழிக் குழு உண்டு. அமைச்சர் அவையில் 'செய்வோம்' என்று கொடுத்த ஒவ்வொரு வாக்கையும் குறித்துவைத்து, மூன்று மாதத்தில் நிறைவேறியதா என்று பார்ப்பது அதன் வேலை. கொடுத்த வாக்கு என்ற பரோலின் பொருள் இந்தக் குழுவில்தான் உயிரோடிருக்கிறது. இதன் அறிக்கைகளைச் செய்தித்தாள்கள் முதல் பக்கத்தில் போட வேண்டும்.

ஈழத்தமிழர் 'பொறுப்புக்கூறல்' என்ற அருமையான சொல்லை வழக்கில் வைத்திருக்கிறார்கள். பொறுப்பு உடையவராக இருப்பது மட்டும் போதாது, அதை வாய்திறந்து கூறவும் வேண்டும் என்பது அதிலேயே அடங்கியிருக்கிறது. அதைத் தமிழ்நாடும் எடுத்துக்கொள்ளட்டும். 'ஆளும்' என்பதை விடுத்து நாட்டுமன்று என்று எழுதலாம் என்பது என் துணிபு. மன்று என்பது தேறுமிடமே, ஆளுமிடம் அன்று என்பதிலும் எனக்கு ஐயமில்லை. மறுப்பவர்கள் சான்றோடு வரட்டும். அதற்கிடையில் வாசகர் ஒன்று செய்யலாம். உங்கள் தொகுதி உறுப்பினர் கேட்ட கேள்விகள் மக்களவையின் பதிவுகளில் இருக்கின்றன. எடுத்துப் படியுங்கள், அடுத்த முறை வாக்குக் கேட்டு வரும்போது அவற்றைப் பற்றிக் கேளுங்கள்.