தொட்டும் தொடாமலும்

ஒரு செங்கல்லைப் படுக்க வைத்து இழுங்கள். பிறகு குத்தாக நிறுத்தி இழுங்கள். படுத்திருக்கும்போது தரையைத் தொடும் பரப்பு அதிகம். இழுப்பதும் கஷ்டமாக இருக்கணும் அல்லவா? இல்லை. இரண்டுக்கும் ஏறக்குறைய ஒரே பலம்தான் வேண்டும். இந்தச் சின்ன விஷயத்துக்குக் காரணம் தெரிய நானூற்றைம்பது ஆண்டுகள் ஆயின என்று படித்தபோது எனக்கு வியப்பு அடங்கவில்லை.

முதலில் கவனித்தவர் லியோனார்டோ டா வின்சி. 1493-ஐ ஒட்டிய அவருடைய குறிப்புகள் அச்சேறாமல் கிடந்தன. 1699-இல் காது கேளாத பிரெஞ்சு அறிஞர் அமோந்தோன் தானாகவே அதைக் கண்டறிந்து, உராய்வு எடையைப் பொறுத்தது, பரப்பைப் பொறுத்ததல்ல என்று பாரிஸ் அறிவியல் கழகத்தில் படித்தார். கழகத்தார் சந்தேகப்பட்டார்கள். லா ஹிர் என்பவர் மரம், சலவைக்கல் இரண்டிலும் சோதித்துப் பார்த்துச் சரிதான் என்றார். 1785-இல் வெளியான கூலூமின் ஆய்வும் அதை உறுதி செய்தது.

விதி சரி; காரணம்? மேடுபள்ளங்கள் ஒன்றோடொன்று மாட்டிக்கொள்கின்றன என்றார்கள். நம்ம வீட்டு அம்மி மாதிரி: கொத்தினால் பிடிக்கும், தேய்ந்தால் வழுக்கும்.

ஆனால் 1720-களில் இங்கிலாந்தில் தெசாகுலியே இரண்டு ஈயக் குண்டுகளைக் கொஞ்சம் சீவி, சீவிய முகங்களைச் சேர்த்து அழுத்தித் திருகினார். ஒட்டிக்கொண்டன, பாரம் தொங்கவிட்டும் பிரியலை. அப்படியானால் உராய்வுக்குக் காரணம் ஒட்டுதலா? ஒட்டுதல் என்றால் பரப்பு கூடக்கூட உராய்வும் கூடணுமே! இந்த இடத்தில் இடித்ததால், அந்தச் சோதனை இருநூறு வருஷம் ஓரமாகவே கிடந்தது.

முடிச்சை அவிழ்த்தவர்கள் கேம்பிரிட்ஜில் பௌடனும் டேபரும். 1939-இல் உலோகப் பரப்புகளுக்கிடையே மின்சாரம் செலுத்தி அளந்தார்கள். பார்வைக்கு அழுந்தப் படிந்திருக்கும் எஃகுப் பரப்புகள் உண்மையில் பத்தாயிரத்தில் ஒரு பங்குகூடத் தொடாமல் இருக்கலாம் என்று தெரிந்தது. சிகரத்தோடு சிகரம்தான் முட்டுகிறது, மற்றதெல்லாம் இடைவெளி. அந்த நுனிகளில்தான் ஒட்டுதல். எடை ஏறினால் நுனிகள் நசுங்கி, உண்மையில் தொடும் பரப்பு அதே அளவில் கூடும். செங்கல்லைப் படுக்க வைத்தால் பாரம் பரவலாக இறங்கும், நிறுத்தினால் ஒரே இடத்தில் குவியும். ஆனால் நசுங்கித் தொடும் மொத்தப் பரப்பு ஒன்றே. இதையெல்லாம் விரிவாகச் சொல்லும் அவர்கள் நூல் 1950-இல் வந்தது.

ஆக, அமோந்தோனின் விதியும் நின்றது, தெசாகுலியேயின் ஈயக் குண்டும் ஜெயித்தது. சண்டை போட்டதெல்லாம் ‘பரப்பு’ என்ற ஒரே சொல்தான். கண்ணுக்குத் தெரியும் பரப்பு வேறு, தொடும் பரப்பு வேறு. விதி சரியாக இருந்தால் காரணமும் சரியாகத்தான் இருக்கும் என்று நாம் எளிதில் நம்பிவிடுகிறோம். பள்ளிக்கூடப் பிள்ளைகளிடம் விதியைச் சொல்லும்போது, இந்தக் கதையையும் சேர்த்துச் சொன்னால் நல்லது என்று எனக்குப் படுகிறது.