முதல் எழுத்து எந்த மொழியில்?

ஆறு வயதுக் குழந்தை பள்ளிக்கு வருகிறது. வீட்டில் பேசுவது ஒரு மொழி. பள்ளியில் பயில வேண்டியது வேறொரு மொழி. அக்குழந்தைக்கு எழுத்தறிவை எந்த மொழியில் தொடங்குவது? "பிற்காலத்தில் தேவைப்படும் மொழியிலேயே தொடங்கினால்தானே அதில் தேர்ச்சி வரும்?" என்று நீங்கள் கேட்கலாம். பலரும் அவ்வாறே எண்ணினர். இவ்வெண்ணத்தை ஆப்பிரிக்க நாடான நைஜீரியாவில், வகுப்பறையிலேயே சோதித்துப் பார்த்தனர்.

1960-இல் விடுதலை பெற்ற நைஜீரியாவில் சுமார் 500 மொழிகள் வழங்குகின்றன. ஆட்சிமொழியோ ஆங்கிலம். தென்மேற்குப் பகுதி மக்களின் மொழி யொருபா. அங்குள்ள குழந்தைகள் முதல் மூன்று ஆண்டுகள் யொருபாவில் பயின்றபின், நான்காம் ஆண்டில் ஆங்கிலத்துக்கு மாறுவது வழக்கமாக இருந்தது. படிக்கக் கை கூடிவரும் வேளையில் மொழியே மாறிவிடும்!

1970-இல் இஃபே பல்கலைக்கழகப் பேராசிரியர் ஃபஃபுன்வாவும் அவருடைய குழுவினரும் புதிய முறையொன்றைத் தொடங்கினர். ஒரு பிரிவு மாணவர் ஆறு ஆண்டுகளும் எல்லாப் பாடங்களையும் யொருபாவிலேயே கற்றனர். ஆங்கிலம் அவர்களுக்குத் தனிப்பாடம் மட்டுமே. மற்றொரு பிரிவினர் பழைய முறையிலேயே பயின்றனர். கணக்குக்கும் அறிவியலுக்கும் யொருபாவில் நூல்கள் எழுதப்பட்டன, கலைச்சொற்களும் ஆக்கப்பட்டன.

விளைவு என்ன? யொருபாவில் பயின்றவர்கள் மற்றப் பாடங்களில் முந்தி நின்றனர். அதுமட்டுமன்று, ஆங்கிலத்திலும் அவர்கள் பின்தங்கவில்லை! நன்கு ஆக்கப்பட்ட புதிய நூல்களுக்கும் இவ்வெற்றியில் பங்கு உண்டு என்பதை மறுக்க முடியாது. ஆயினும், தாய்மொழிக்குக் கொடுத்த நேரம் ஆங்கிலத்துக்கு இழப்பாகவில்லை என்பது தெளிவாயிற்று.

இதற்குக் காரணம் யாது? எழுத்து ஒலியைக் குறிக்கிறது என்னும் உண்மையை ஒரு குழந்தை ஒருமுறை கண்டுகொண்டால் போதும். அதை அறிந்த மொழியில் காண்பது எளிது. யொருபாவில் ஒரே எழுத்துகளால் ஆன சொல், குரலின் ஏற்ற இறக்கத்துக்கேற்பக் கணவன் என்றும் வண்டி என்றும் பொருள்படும். யொருபாக் குழந்தை இவ்வேறுபாட்டை வீட்டிலேயே கேட்டு வளர்ந்தது. ஆகவே, தான் படித்தது சரியா என்பதைத் தானே உணர்ந்து திருத்திக்கொள்கிறது. இவ்வாறு பெற்ற திறனை அடுத்த மொழிக்கும் கொண்டு செல்கிறது. ஒரு குளத்தில் நீந்தக் கற்றவன் அடுத்த குளத்தில் மீண்டும் முதலிலிருந்தா தொடங்குகிறான்?

எனினும் சோதனையில் வென்ற முறை நாடெங்கும் நிலைபெறவில்லை. ஆறு ஆண்டுகளும் தாய்மொழிக் கல்வி என்னும் கொள்கையை நைஜீரிய அரசு 2022-இல் ஏற்றது. 2025-இல் அதைக் கைவிட்டது. நூல்களும் பயிற்சி பெற்ற ஆசிரியர்களும் இத்தனை மொழிகளுக்கும் வேண்டுமே!

ஆகவே, வீட்டு மொழியோடு வரும் குழந்தையைக் குறையுள்ளதாகக் கருதாதீர்கள். அது எழுத்துலகில் நுழையும் வாயில் அம்மொழியே.