நீச்சல் குள மோட்டார் போட்டதும் 'டப்'புனு டிரிப் ஆகுதா? அவசரப்பட்டு 'டைரக்ட்' கொடுத்துடாதீங்க!

சென்னை,

கிழக்கு கடற்கரை சாலையில் கானாத்தூர், முட்டுக்காடு, கோவளம் என்று மாமல்லபுரம் வரை போனால் பங்களாக்களிலும், பண்ணை வீடுகளிலும் நீச்சல் குளங்களைப் பார்க்கலாம். குளிக்கிறவர்கள் சனி, ஞாயிறுகளில் வந்து போகிறவர்கள். மோட்டாரைப் போட்டு, தண்ணீரை வடிகட்டி, குளோரின் கலப்பது வாட்ச்மேனும் பராமரிப்பு வேலைக்கு வரும் பையனும்தான். ஈரத்தரையில் வெறுங்காலோடு சுவிட்சில் கை வைப்பதும் அவர்கள்தான்.

அந்த மோட்டார் ரூமில் அடிக்கடி வரும் தொல்லை இது. சுவிட்சைப் போட்டதும் 'டப்' என்று சத்தம். மோட்டார் நின்று விடும். மறுபடி தூக்கி விட்டால் மறுபடியும் 'டப்'. சாயங்காலம் முதலாளி விருந்தாளிகளோடு வருகிறார், தண்ணீரோ பச்சையாகக் கிடக்கிறது. அவசரத்துக்கு யாராவது ஒருவர் டிரிப்பரை ஒதுக்கிவிட்டு வயரை 'டைரக்ட்' கொடுத்து விடுவார். மோட்டார் ஜோராக ஓடும். கசிந்த கரண்ட் எங்கே போகும்? மோட்டார் பாடிக்கும், பைப்புக்கும், குளத்து தண்ணீருக்கும்தான்!

கல்லாப்பெட்டி கணக்கு

இந்த டிரிப்பருக்கு ஆர்.சி.சி.பி. என்று பெயர். ஈ.எல்.சி.பி. என்றும் சொல்வார்கள். 'டி' என்று எழுதிய சின்ன பட்டன் இருந்தால் அதுதான். பக்கத்தில் இருக்கும் எம்.சி.பி. வேறு. அது ஷார்ட் சர்க்யூட்டுக்கும், ஓவர் லோடுக்கும் விழும். மனுசனுக்கு ஷாக் அடிப்பது அதற்குத் தெரியாது.

ஆர்.சி.சி.பி. செய்வது கல்லாப்பெட்டி கணக்கு. பேஸ் வயரில் போனது எவ்வளவு, நியூட்ரலில் திரும்பி வந்தது எவ்வளவு என்று பார்க்கும். குறைந்தால் நடுவில் எங்கோ கரண்ட் கசிகிறது. வீட்டில் ஆளைக் காப்பாற்ற மாட்டுவது 30 மில்லி ஆம்பியர் டிரிப்பர். பழைய ஜீரோ வாட்ஸ் குண்டு பல்பு இதைவிட அதிகம் இழுக்கும்! ஆனால் உடம்புக்கு அது ரொம்ப பெரிசு. சுமார் 10 மில்லி ஆம்பியரிலேயே பிடித்த கையை விட முடியாமல் போகலாம். நனைந்த உடம்பில் 230 வோல்ட் பாய்ந்தால் 200 மில்லி ஆம்பியரைத் தாண்டலாம். இதயம் நிற்க அது போதும்.

இந்த கருவிக்கும் நீச்சல் குளத்துக்கும் பழைய சொந்தம் உண்டு. 1961-ல் கலிபோர்னியா பல்கலைக்கழக பேராசிரியர் சார்லஸ் டால்சீல் இதன் அமெரிக்க வடிவத்தைக் கண்டுபிடித்தார். அங்கே 1968-ல் முதன்முதலாக இதைக் கட்டாயமாக்கியது குளத்துக்குள் எரியும் விளக்குகளுக்குத்தான். அமெரிக்காவில் இது பிளக் பாயிண்டிலேயே சேர்ந்து வரும், 5 மில்லி ஆம்பியர் அளவிலேயே விழுந்துவிடும்.

சுவிட்சை அணைத்தால் போதாது

சரி, டிரிப் ஆகிறது. குற்றவாளி யார்? முதலில் மோட்டார் பிளக்கைப் பிடுங்குங்கள். கால் காய்ந்திருக்கட்டும், செருப்பு போட்டிருக்கட்டும். சுவிட்சை மட்டும் அணைத்துவிட்டு "மோட்டார் ஓடலையே, அப்புறம் ஏன் விழுது?" என்று குழம்புகிறவர்கள் நிறைய. சாதாரண சுவிட்ச் பேஸ் வயரை மட்டும்தான் துண்டிக்கும். நியூட்ரல் ஒட்டிக்கொண்டேதான் இருக்கும். மோட்டாருக்குள் நியூட்ரல் எர்த்தைத் தொட்டால், சுவிட்ச் அணைந்திருந்தாலும் டிரிப்பர் விழும். பிளக் இல்லாமல் நேரடியாக இணைத்திருந்தால், மெயினை அணைத்துவிட்டு வயர்மேன் 3 வயரையும் கழற்ற வேண்டும்.

இப்போது டிரிப்பரைத் தூக்குங்கள். நின்றால் கோளாறு மோட்டாரில் அல்லது அதன் கேபிளில். நிற்காவிட்டால் மோட்டார் மேல் பழி போடாதீர்கள். குள விளக்கு, தோட்டத்து லைட், பிளக் பாயிண்ட், சுவருக்குள் போகும் வயர் என்று ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்க்க வேண்டியதுதான்.

எப்போது விழுகிறது என்பதே பாதி துப்பு. போட்ட நொடியில் விழுந்தால் காயில் அல்லது டெர்மினல் பாக்ஸ். 10, 20 நிமிடம் ஓடி சூடேறிய பிறகு விழுந்தால் காயில் இன்சுலேஷன் தளர்ந்திருக்கலாம். மழை பெய்தால் மட்டும் விழுகிறதா? தரைக்கடியில் போகும் பைப்பில் தண்ணீர் நிற்கும், உள்ளே இன்சுலேஷன் டேப் சுற்றிய ஜாயிண்ட் இருக்கும். வெயில் அடித்து காய்ந்ததும் 'தானா சரியாயிடுச்சு' என்று விட்டுவிடுவார்கள். அடுத்த மழைக்கு அது காத்திருக்கிறது. ஜாயிண்டே இல்லாத ஒரே நீள 3 கோர் கேபிள் இழுப்பதுதான் இதற்கு வைத்தியம்.

பம்பின் மெக்கானிக்கல் சீல் தேய்ந்தால் தண்ணீர் ஷாப்ட் வழியாக மோட்டாருக்குள் போகும். பம்புக்கும் மோட்டாருக்கும் நடுவில் சொட்டு சொட்டாக ஒழுகுகிறதா என்று பாருங்கள். அப்படியானால் காயில் கட்டுவதற்கு முன்னால் சீலை மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் கட்டிய காயிலும் போகும், காசும் போகும். கடற்கரைப் பக்கம் உப்புக்காற்று வேறு. அதே ரூமில் குளோரின் டப்பாவையும், ஆசிட் கேனையும் வைத்தால் புகை பட்டே டெர்மினல் பச்சை பூத்துவிடும். மூடி சரியில்லாத பாக்ஸுக்குள் எறும்பும் பல்லியும் குடியேறுவது தனிக்கதை.

நியூட்ரல் குழப்படி

புதிதாக வயரிங் செய்த இடத்தில், எந்த லோடு போட்டாலும் உடனே விழுகிறது என்றால் மோட்டாரைக் கழற்றி கடைக்குத் தூக்கிப் போக வேண்டாம். பேஸ் டிரிப்பர் வழியாக வந்து, நியூட்ரல் வேறு லைனில் இருந்து எடுத்திருந்தால் கல்லாக் கணக்கு எப்படி ஒத்துப்போகும்? இன்வெர்ட்டர் மாட்டிய வீடுகளிலும் இந்தக் கூத்து நடக்கும்.

இன்னொரு கொடுமை, எர்த் இல்லாத இடத்தில் பிளக்குக்குள்ளேயே நியூட்ரலையும் எர்த்தையும் சேர்த்து முறுக்கி விடுவது. டிரிப்பருக்கு அடுத்த பக்கத்தில் இப்படிச் செய்தால் அது விழும். உடனே டிரிப்பர்தான் மோசம் என்று அதையும் கழற்றி விடுவார்கள். ஒருநாள் நியூட்ரல் அறுந்தால் மோட்டார் பாடி முழுக்க 230 வோல்ட்! இப்படிச் செய்கிறவரை அடுத்த தடவை வேலைக்குக் கூப்பிடாமல் இருப்பது நல்லது.

சந்தேகம் தீர மெக்கர் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். சாதாரண மீட்டர் பேட்டரி வோல்டேஜில் பார்ப்பதால் ஈரக் கசிவு பல நேரம் தப்பிவிடும். மெக்கர் 500 வோல்ட் கொடுத்துச் சோதிக்கும். மோட்டார் வயர்களைத் தனியாகக் கழற்றி காயிலுக்கும் பாடிக்கும் இடையே பார்க்க வேண்டும். 1 மெகா ஓமுக்குக் கீழே காட்டினால் அந்த மோட்டாரை ஓட்டக்கூடாது. வீட்டு சம்ப் மோட்டாருக்கும் இதே சோதனைதான்.

எல்லாம் சரியாக இருந்தும் விழுந்தால் டிரிப்பரே பழுதாகி இருக்கலாம். அதையும் மாற்றிப் பார்க்கலாம். ஆனால் 30-க்குப் பதில் 100 அல்லது 300 மில்லி ஆம்பியர் போட்டு 'இப்ப விழாது சார்' என்று சொன்னால் ஏமாறாதீர்கள். அவ்வளவு கசிவில் ஆள் போய்விடுவார்.

மாதம் ஒரு தடவை அந்த 'டி' பட்டனை அமுக்கிப் பாருங்கள். விழாவிட்டால் டிரிப்பர் செத்துவிட்டது என்று அர்த்தம். விழுந்தாலும் எர்த் நன்றாக இருக்கிறது என்று அர்த்தமில்லை, அதைத் தனியாகச் சோதிக்க வேண்டும். ஒரு கையில் பேஸ், மறு கையில் நியூட்ரல் என்று பிடித்தால் இந்த டிரிப்பர் காப்பாற்றாது என்பதும் பலருக்குத் தெரியாது. குளத்துக்குள் எரியும் விளக்கு, டிரான்ஸ்பார்மர் வழியாக வரும் 12 வோல்ட் விளக்காகவே இருக்கட்டும்.

குளத்தில் கால் வைத்ததும் 'சுருக்'கென்று இருந்தாலோ, ஏணிக் கம்பியைத் தொட்டதும் விறுவிறுத்தாலோ எல்லோரையும் வெளியே வரச் சொல்லுங்கள். கம்பியைத் தொடாமல் வர வேண்டும். யாராவது உள்ளே மாட்டிக்கொண்டால் பின்னாலேயே குதிக்காதீர்கள். முதலில் மெயினை அணைக்க வேண்டும். அதற்கு, மெயின் சுவிட்ச் எங்கே இருக்கிறது என்று வாட்ச்மேனுக்கு மட்டுமல்ல, வாடகைக்கு வந்து தங்குகிறவர்களுக்கும் முதல் நாளே காட்டிவிட வேண்டும்.